படலையில் தொங்கிய பை

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் மன்னார் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது நான் யாரையும் சந்தேகப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் புத்தளம் தாண்டித்தான் ஆரம்பித்தது.

பயணத்துக்குக் காரணம் என் மைத்துனர். போன வருடம் அவர் லிஸ்பன் நகரத்தில் ஒரு மாதம் 'உள்ளூர்க்காரனாக' வாழ்ந்துவிட்டு வந்தார். சுற்றுலாப் பயணி மாதிரி இல்லையாம். சந்தையில் தக்காளி வாங்கி, டிராமில் நின்றுகொண்டே போய், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி. ஒரு மாதம் வாழ்ந்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நானும் போறேன்" என்று சொல்லிவிட்டேன். வெளிநாடாக இருக்க வேண்டும், மொழி தெரிய வேண்டும், செலவு கூடாது என்று சலித்துப் பார்த்ததில் கடைசியாகச் சல்லடையில் நின்றது மன்னார்.

"அது தீவுதானே, நகரமா?" என்றார் மைத்துனர்.

"தீவில் ஒரு நகரம் இருக்கு" என்றேன். ஊரே தெரியாத ஆத்திரத்தில் சொன்னது. சரியாகத்தான் இருந்தது.

மனைவி பெட்டியில் அரைக்கிலோ ஈரோட்டு மஞ்சள்தூளை வைத்து, "அங்க மஞ்சள் விலை ஜாஸ்தியாம், தங்கப்போற வீட்டுல குடுங்க" என்றாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

என் தொழிலையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாகச் சென்னையில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறவன். கடை எரிந்துபோனது என்று ஒருவர் அழுதுகொண்டு வந்தால், தீப்பெட்டி யார் வாங்கியது என்று கேட்பதற்குச் சம்பளம். ஆகவே உலகத்தில் எதுவும் தானாக எரியாது என்பது என் மதம்.

திங்கள், மதியம்

மன்னாருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரத் தீவின் முனையிலிருந்து கடலைத் தாண்டினால் முப்பது சொச்சம்தான். அந்த முப்பதைத் தவிர்க்க நான் சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறந்து, இப்போது பஸ்ஸில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இலுப்பைக்கடவையில் வயல் செய்கிற ஒரு மனிதர். மடியில் புது மண்வெட்டி ஒன்றைத் தாளில் சுற்றி வைத்திருந்தார்.

"இந்தியாவோ?"

"ஆமாங்க. எப்படித் தெரிஞ்சது?"

"பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள். எங்கட ஆக்கள் மேல தூக்கிப் போட்டிட்டு நித்திரை கொள்ளுவினம்." பையை ஒரு பார்வை பார்த்தார். "என்ன, உள்ளுக்கு மஞ்சளோ?"

என் இதயம் ஒரு நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டது.

"பகிடிக்குக் கேட்டனான்" என்று தோளில் தட்டினார். மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்த காலத்திலிருந்து இந்தியக் கரையிலிருந்து படகு படகாக மஞ்சள் வந்ததாம். "மீனைவிட மஞ்சள்தான் கனக்கப் பிடிபட்டது. நேவிக்காரர் கரையில குவிச்சு எரிச்சவங்கள். ஊரெல்லாம் ஒரே கறி வாசம்." சிரித்துவிட்டு மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். அவருக்கென்ன? அரைக்கிலோவோடு நான் விழித்திருந்தேன்.

பெருநிலத்தைத் தீவோடு சேர்க்கிற பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. ஒரு போலீஸ்காரர் ஏறி எல்லோரையும் பார்த்தார். நான் சிரித்தேன். தேவைக்கு மேல் சிரித்தேன். அப்படிச் சிரித்தவர்களின் மனுக்களை நான் எத்தனை தள்ளுபடி செய்திருக்கிறேன்! அவர் இறங்கிப் போய்விட்டார். அது இன்னும் மோசம். விட்டுப்பிடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

திங்கள், மாலை

மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி வாய் திறக்குமுன் ஓர் ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கினார். பெயர் ரிஸ்வான், முப்பது வயது இருக்கும், பல்லெல்லாம் தெரிகிற முகம்.

"பள்ளிமுனையில ஜசிந்தா அக்கா வீடுதானே? ஏறுங்கோ அண்ணை. முந்நூறு ரூபா."

"உங்களுக்கு எப்படி..."

"இந்தக் கிழமை மன்னாருக்கு வாற இந்தியாக்காரர் நீங்கள் ஒராள்தான். மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறம்."

*பாத்துக்கொண்டிருக்கிறம்.* பன்மை. மனதில் குறித்துக்கொண்டேன்.

பருத்துப்போன பெருக்கமரத்தைத் தாண்டி, கடலை நோக்கிப் போகிற ஒழுங்கையில் வீடு. வாசலில் தகரமும் மரமும் சேர்த்துச் செய்த படலை, அதாவது நம் ஊர் கேட். அதன் முன்னால் ஒரு கழுதை நின்றது. மன்னாரில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் நகரம் முழுவதும் திரிகின்றன. பார்க்கிற பார்வையில் மட்டும் ஏதோ கந்தோரில், அதாவது ஆபீசில், வேலை பார்க்கிறவை மாதிரி இருக்கும்.

ஜசிந்தா தையல்காரி. என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனால் ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்றேன். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் டிலானி வவுனியாவில் வேலை, வார இறுதியில் வந்துபோவாள். நான் கிளம்பிப்போகிற வாரத்துக்கு அடுத்த வாரம் அவளுக்குக் கலியாணம். அந்தச் செலவுக்காகத்தான் பக்க அறையை மாதம் முப்பத்தையாயிரம் ரூபாய்க்கு எனக்கு விட்டிருக்கிறார். இலங்கை ரூபாய்தான், மைத்துனரிடம் சொல்லும்போது மட்டும் நாட்டைச் சொல்வதில்லை.

"சாப்பாடும் சேர்த்துத்தான் சேர். எங்களுக்கு என்ன சமைக்கிறனோ அதுதான் உங்களுக்கும்." நம் ஊர் சார்தான் அங்கே சேர்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஓர் அலுமாரி. ஜசிந்தா அக்கா குசினிக்கு, அதாவது சமையலறைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, மஞ்சளை அலுமாரியின் அடித்தட்டில் உள்பனியன்களுக்குக் கீழே புதைத்தேன். கொடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் கொடுத்தால் அவரும் உடந்தை ஆகிவிடுவாரே. இப்படியெல்லாம் யோசிக்கிறவன் உருப்படுவானா?

செவ்வாய்

உள்ளூர்க்காரனாக வாழும் முதல் நாள். காலையில் கரைக்குப் போனேன். பள்ளிமுனைக் கரை சேறும் கடற்பாசியுமாக, அலை என்று சொல்லக் கூச்சப்படும் அலையோடு இருக்கிறது. ஒரு படகை எட்டுப்பேர் மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தியாவும் ஒருக்காக் கை வையுங்கோ!" என்று யாரோ கத்தினார்.

லிஸ்பனில் மைத்துனர் படகு தள்ளியிருக்க மாட்டார். போனை ஒருவரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டுப் படகில் கை வைத்தேன். தள்ளினேன் என்று சொன்னால் பொய், சாய்ந்தேன். படகு எப்படியோ மேலே ஏறியது. சிவப்புத் தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படத்தை அனுப்பும் அவசரத்தில் நான் திரும்பி வந்துவிட்டேன்.

புதன், விடியற்காலை

கோயில் மணி அடித்தது. இங்கே கத்தோலிக்கர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். ஜசிந்தா அக்கா பூசைக்குப் போய்விட்டார். பல் துலக்க முற்றத்துக்கு வந்தால், படலையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஏதோ அசைகிறது.

முதலில் கழுதையைப் பார்த்தேன். அது தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பையில் ஏழெட்டு ஓரா மீன். ஒன்று இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஜசிந்தா அக்கா பூசை முடிந்து வந்ததும் நீட்டினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. பையின் முடிச்சைப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்துச் செருகிய முடிச்சு. அதை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, வெட்டாமல், நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார்.

"யார் வச்சதுக்கா?"

"ஆரோ. நேற்றுப் படகுக்குக் கை வைச்சனீங்கள்தானே? கை வைச்ச ஆளுக்குக் கறிக்கு மீன் குடுக்கிறது இஞ்சத்தைப் பழக்கம். வாங்காமல் வந்திட்டியள், வீட்டுக்கு அனுப்பியிருக்கினம்."

"நான் சும்மா சாய்ஞ்சுதான்..."

"சாப்பிடுங்கோ சேர்."

கேள்வி முடிவதற்குள் வருகிற பதிலை என் தொழிலில் சிவப்பு மையால் வட்டமிடுவோம்.

மத்தியானம் ஓரா மீன் குழம்பு. மீன் தலைகளை எல்லாம் தன் தட்டுக்கு ஒதுக்கிக்கொண்டு நடுத்துண்டுகளை எனக்கு வைத்தார். புளி தூக்கலாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகத்தோடு சாப்பிட்டால் எல்லாக் குழம்பிலும் ஒரு கசப்பு வரும்.

வியாழன், வெள்ளி, சனி

நான் படகுப் பக்கமே போகவில்லை. பை மட்டும் வந்தது. வியாழன் மறுபடி ஓரா. வெள்ளி, இறால். சனிக்கிழமை நீலக்கால் நண்டு. கம்பெனிக்காரர்கள் ஏற்றுமதிக்குக் கொத்திக்கொண்டு போகிற சாமான். ஒரு தடவை படகில் சாய்ந்தவனுக்கு யாராவது தினமும் நண்டு கொடுப்பார்களா? ஒவ்வொரு பையிலும் அதே முடிச்சு. ஜசிந்தா அக்கா ஒவ்வொரு பையையும் அதே மாதிரி நகத்தால் அவிழ்த்து, கழுவி, கொடியில் காயப்போட்டார். ஆளைக் கேட்டால் மட்டும், "ஆரோ."

அடுத்தது தேநீர்க்கடை. நான் போகும் நேரமெல்லாம் மூலையில் சிவப்புத் தொப்பி இருக்கும். அவர் என்னோடு பேச மாட்டார். கடைக்காரர்தான் ஐம்பது ரூபாய்த் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்பார்:

"சேர், அங்க சாப்பாடெல்லாம் எப்பிடி? மீன் வடிவாச் சமைக்கிறாவோ?"

"நல்லாச் சமைக்கிறாங்க."

"புளி எல்லாம் சரியோ?"

"கொஞ்சம் கூடத்தான்."

சிவப்புத் தொப்பி கோப்பையைக் கீழே வைத்தார். தாடிக்குள் வாய் லேசாகக் கோணியது. எழுந்து போய்விட்டார். சனிக்கிழமை பிற்பகல் ரிஸ்வான் ஆட்டோவில் அதே கேள்வி: "நண்டு என்னண்டு சமைச்சவ அண்ணை? அவவும் சாப்பிட்டவவோ?"

ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் அது கேள்வி இல்லை, சங்கேதம்.

சனிக்கிழமை மாலை மனதை ஆற்றிக்கொள்ளத் தலைமன்னாருக்குப் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், பனைகளும் மணலுமாகப் போகிற பாதை. ரயில் பாதை முடிகிற இடத்துக்கு அப்பால், ஒரு காலத்தில் இந்தியக் கப்பல் வந்து நின்ற பழைய துறை, கால்கள் மட்டும் மிஞ்சிக் கடலுக்குள் நிற்கிறது. அங்கே போய் நின்றதும் என் போன் கிணுகிணுத்தது. இந்தியாவுக்கு நல்வரவு என்று இந்திய செல்போன் கம்பெனி செய்தி அனுப்பியிருந்தது. ஒரு கால் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாமல் நிற்கிறவனை எந்த நீதிமன்றம் நம்பும்? பதறித் திரும்பினால், அப்போதுதான் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் சிவப்புத் தொப்பி. கையில் கறுப்புப் பாலிதீனில் சுற்றிய ஏதோ ஒரு பொட்டலம். என்னைக் கண்டதும் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் நடந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வழக்கைக் கட்டினேன். இலுப்பைக்கடவைக்காரர் மோப்பம் பிடித்துச் சொல்லியிருக்கிறார். மஞ்சளோடு ஓர் இந்தியன் வந்து பள்ளிமுனையில் பதுங்கியிருக்கிறான் என்று செய்தி போயிருக்கிறது. நான் மாதிரிச் சரக்கோடு வந்த வியாபாரி என்று நினைக்கிறார்கள். மீன் என்பது முன்பணம். இன்று நண்டு, நாளைக்கு மூட்டை.

ஞாயிற்றுக்கிழமை பை வரவில்லை. ஞாயிறு இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. கடத்தல்காரர்கள் கத்தோலிக்கர்கள் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கள்

படலையில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு விளைமீன். பையை மீறி வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜசிந்தா அக்கா பூசையிலிருந்து வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. துணிந்தேன். பையைத் துண்டால் போர்த்தி, குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். கழுதைகள் மூன்று பின்னாலேயே வந்தன. சாட்சிகள்! கரையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நுனியில் நீலச் சாயம் பூசிய ஒரு படகின் மூக்கில் பையை மாட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பினேன். உங்கள் மீனும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம்.

அன்றைக்கு உடம்பு காற்றாக இருந்தது. மைத்துனருக்கு ஒரு படம் அனுப்பினேன், கழுதையோடு.

செவ்வாய், புதன்

பை வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் வீட்டில் என்னவோ மாதிரி இருந்தது. ஜசிந்தா அக்கா பூசையிலிருந்து வந்து முற்றத்தைக் கூட்டினார். படலையடியை மட்டும் இரண்டாம் தரம் கூட்டினார். மத்தியானம் முட்டை. மறுநாள் பருப்பும் பூசணிக்காயும். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தையல் மெஷின் கொஞ்சம் ஓடும், நிற்கும். மகளின் கலியாண உடுப்பு அதில் பாதியில் கிடந்தது.

இவரையும் அந்தக் கும்பல் மிரட்டி வைத்திருக்கிறது போலும் என்று எனக்கு இரக்கம் வந்தது. தைரியம் சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, இனி பயப்படாதீங்க. திங்கட்கிழமை வந்த பையை நானே கொண்டுபோய்க் கரையில ஒரு படகுல மாட்டிட்டேன். இனிமே வர மாட்டாங்க."

மெஷின் நின்றது.

"எந்தப் படகில?"

"மூக்குல நீலம் பூசியிருக்குமே..."

"ஐயோ அண்ணை! உங்களுக்கென்ன விசரோ?"

அதுவரை சேர். அந்த நிமிடத்திலிருந்து அண்ணை. உறவு நெருங்கியதற்குச் சந்தோஷப்படுகிற சூழ்நிலை இல்லை.

"அது என்ர அண்ணன்ர படகு. அந்தச் சிவப்புத் தொப்பி, சூசை, என்ர கூடப்பிறந்த அண்ணன். அவற்ர மீனை அவற்ர படகிலயே கொண்டுபோய்க் கொழுவியிருக்கிறியள். நான்தான் திருப்பி அனுப்பினன் எண்டல்லோ அவர் நினைப்பார்!"

பிறகு சொன்னார், தைக்கிற துணியைப் பார்த்துக்கொண்டே. நாலு வருடப் பகை. அப்பா இறந்ததும் அவருடைய படகை இவரைக் கேட்காமல் அண்ணன் விற்றிருக்கிறார். கோயில் வாசலில் ஊர் பார்க்கச் சண்டை. உன் படலையை மிதிக்க மாட்டேன் என்று அவர். கூப்பிடவும் மாட்டேன் என்று இவர்.

"கோவமான வீட்டுக்கு மீன் குடுக்க ஏலாது அண்ணை. குடுத்தால் இறங்கி வந்தது மாதிரி. நானும் வாங்க ஏலாது. ஆனா நீங்கள் படகுக்குக் கை வைச்சனீங்கள். உங்களுக்குக் குடுக்கலாம். அது அவருக்கு வெக்கமில்லை. உங்களுக்குச் சமைக்கிற சட்டியில நானும் சாப்பிடலாம். அது எனக்கு வெக்கமில்லை. நாலு வருசத்துக்குப் பிறகு இப்பத்தான் அவற்ர கையால பிடிச்ச மீனைச் சாப்பிட்டனான். அந்த முடிச்சு எங்கட அப்பா பழக்கினது. வேற ஆருக்கும் வராது."

"அப்ப தேநீர்க்கடையில கேட்டது?"

"நான் சமைச்சனானோ, எறிஞ்சனானோ எண்டு அவருக்குத் தெரிய வேண்டாமோ? வாய் விட்டுக் கேட்க மாட்டார். ஊரை விட்டுக் கேட்டவர்."

ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு சதி நடக்கிறது என்று நான் கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. என்ன சதி என்பதில்தான் சிறு பிசகு.

"டிலானிக்கு அப்பா இல்லை" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளைக் கைபிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போக மாமாதான் வேணும். அவள் சின்னனில அவற்ர தோளில வளந்தவள். வேற ஆரையும் பிடிக்க மாட்டன், தனிய நடந்து போறன் எண்டு அடம். நானும் நினைச்சனான், மீன் வரத் துவங்கியிட்டுது, மெல்ல மெல்ல ஆளும் வரும் எண்டு."

நான் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து, உள்பனியன்களுக்குக் கீழிருந்து மஞ்சளை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். முழு வழக்கையும் ஒப்புக்கொண்டேன். அழுதுகொண்டிருந்தவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த அரைக்கிலோவுக்கோ இவ்வளவு ஆட்டம்?" பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். "நல்ல மஞ்சள். இஞ்ச தாங்கோ." கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்து, படலையைக் கை காட்டினார். "இப்ப போய் அவருக்குச் சொல்லுங்கோ."

புதன், பிற்பகல்

ரிஸ்வான் வாடகை வாங்கவில்லை. "இதைப் பாக்கிறதுக்கு நான்தான் காசு தர வேணும்" என்றார்.

சூசை நீலமூக்குப் படகின் நிழலில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐயா, திங்கட்கிழமை பையை இங்க மாட்டினது நான்தான். அக்காவுக்குத் தெரியாது. அவங்க பூசைக்குப் போயிருந்தாங்க."

கை நின்றது. "ஏன்?"

"உங்களைக் கடத்தல்காரர்னு நினைச்சுட்டேன்."

கரையே வெடித்துச் சிரித்தது. "சூசையண்ணை, உம்மைப் பெரிய ஆளெண்டு நினைச்ச முதல் மனிசன்! பிடிச்சு வைச்சிரும்!"

"என்னத்தைக் கடத்துறனாம்?"

"மஞ்சள்."

"எங்க இருந்து?"

"என் பெட்டியிலிருந்து."

அவர் மட்டும் சிரிக்கவில்லை. தலைமன்னாரில் கையில் இருந்த கறுப்புப் பொட்டலம் படகுக்குள் கிடந்தது, பிரிந்து. உள்ளே வலைநூல். ஒரு நண்டை எடுத்துக் கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"அந்த வீட்டில சமைச்சதோ?"

"எல்லா நாளும். தலையை எனக்குத் தர்றதே இல்லை. அவங்களே எடுத்துக்குவாங்க."

கூடைக்குள் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற சத்தம் மட்டும்.

"தலை அவளுக்குத்தான்" என்றார். "சின்னனில இருந்தே. அதுக்குச் சண்டை பிடிப்பாள்." பிறகு, இன்னும் கீழே பார்த்துக்கொண்டு: "புளி?"

"கூடத்தான்."

"எத்தினை தரம் சொன்னாலும் கேளாள்."

"நாளைக்குப் பை வருமாங்க?"

"போங்கோ சேர். பொழுது சாயுது."

மீதி நாட்கள்

பை வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நான் உள்ளூர்க்காரனாக வாழ்வதை விட்டுவிட்டுப் படலையைப் பார்க்கிறவனாக வாழ்ந்தேன். கரைக்குப் போய் வலியப் படகு தள்ளினேன். இம்முறை உண்மையாகவே தள்ளி, முதுகு பிடித்துக்கொண்டது. எனக்குப் பங்கு மீனைக் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள், வேறு யாரோ கட்டிய முடிச்சில். ஜசிந்தா அக்கா அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார்.

வார இறுதியில் வந்த டிலானிக்கு ஜசிந்தா அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஊர் சொல்லியிருக்கிறது. வெள்ளை உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும், "அங்கிள், மாமா ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள். வாழ்நாளில் எத்தனை மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதியிருப்பேன்! அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும் நாள், காலை

விசா முடிகிறது. ரிஸ்வான் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜசிந்தா அக்கா கருவாட்டை ஏழு தாளில் சுற்றி என் பையில் திணித்துவிட்டு, தும்புத்தடியால் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். படலையைத் திறந்தேன்.

வெளியே சூசை நின்றார். தொப்பி, தாடி, கையில் பை. பக்கத்தில் அந்தக் கழுதை.

"வெளிக்கிட்டியளோ? இதை உள்ளுக்குக் குடுத்திட்டுப் போங்கோ சேர்" என்று என்னிடம் நீட்டினார்.

கை நீண்டுவிட்டது. பழக்கதோஷம். பிறகு இழுத்துக்கொண்டேன். எனக்குக் கொடுக்கிற மீன் இனி எனக்கு வேண்டாமே, நான்தான் போகிறேனே.

"நான் ஊருக்குப் போறேங்க. எனக்கெதுக்கு மீன்? வேணும்னா நீங்களே குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படலையை மூடாமல் ஆட்டோவில் ஏறினேன். மறுபடியும் கெடுத்துவிட்டேனோ?

"எடுங்க ரிஸ்வான்."

"பொறுங்கோ அண்ணை, சில்லில காத்து இல்லை போல" என்று இறங்கி, நிறைந்த டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

சூசை பையைப் படலையில் கொழுவினார். திரும்பி இரண்டு அடி வைத்தார். உள்ளே தும்புத்தடியின் சத்தம் நின்றது.

"புளி கூடவெண்டு சொன்னதாம்?"

நாலு வருடத்தில் முதல் பேச்சு அதுதான். யாருக்குச் சொன்னது என்று பெயரில்லை, உறவில்லை. காற்றுக்குச் சொன்ன மாதிரி.

சூசை நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னார்: "கூடத்தான்."

"சாப்பிட்டுப் பாக்காமல் குறை சொல்லுற ஆக்களுக்கு நான் என்ன செய்ய?"

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். தொங்கவிட்ட பையை எடுத்தார். "எங்க, சட்டியைக் காட்டு பாப்பம்" என்று படலையைத் தாண்டி உள்ளே போனார்.

ரிஸ்வான் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "காத்து இருக்கு அண்ணை. போவம்."

சென்னை

கலியாணப் படம் போனில் வந்தது. வெள்ளை உடுப்பில் டிலானி, பக்கத்தில் விறைத்த சட்டையில் மாமா. தொப்பி இல்லாததால் நெற்றியின் மேல்பாதி மட்டும் வெளுத்துப்போய், இரண்டு ஆள் முகத்தை ஒட்டிவைத்த மாதிரி. அவள் அவருடைய கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் இழுத்துக்கொண்டு போனது யார் என்று சந்தேகம் வரும். வெகுநாளைக்குப் பிறகு எனக்குப் பிடித்த சந்தேகம். கீழே ஜசிந்தா அக்கா எழுதியிருந்தார்: விருந்துக்கு உங்கட மஞ்சள்தான் அண்ணை.

மைத்துனரிடம் சொன்னேன். லிஸ்பனில் டிராம் இருக்கிறது என்றார்.

எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டில் ஆறு வருடமாக யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. செருப்பைத்தான் தெரியும், இரண்டு பெரியது, ஒன்று சின்னது. நேற்றுக் காலை கருவாட்டில் பாதியைப் பையில் போட்டேன். முடிச்சு முயன்று பார்த்தேன், வரவில்லை. சும்மா கட்டி, எதிர்வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் அழைப்புமணி. கீழ் வாசல் செக்யூரிட்டி நின்றார். கையை நீட்டி, உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், இரண்டு விரலால் பையைப் பிடித்திருந்தார்.

"சார், எதிர் வீட்டுல பயந்துட்டாங்க. கேமராவுல பார்த்தோம், நீங்கதான் மாட்டினீங்க. உள்ள என்ன சார்?"

"கருவாடு" என்று சிரித்தேன். தேவைக்கு மேல் சிரித்தேன்.

அவர் நம்பவில்லை. என் சிரிப்பையும் சேர்த்துத்தான்.